ஆட்சி, ஆவணம், காட்சி: தமிழில் வழக்குமன்ற வரலாற்று நாவல்

தமிழில் வழக்கு என்னுஞ் சொல் இருபொருள் குறிப்பது. மக்களிடையே நெடுங்காலம் பயின்றுவரும் நடைமுறையும் வழக்கு. அந்நடைமுறை பற்றி இருவர் மாறுபட்டு மன்றத்துக்குக் கொண்டுசெல்லும் பிணக்கும் வழக்கு. இவ்விரு பொருளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் நிலம் யாழ்ப்பாணக் குடாநாடு. ஒல்லாந்தர் ஆட்சியில் யாழ்ப்பாணத்துத் திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் இந்நாட்டு வழமைகளைத் தொகுத்து 1707ஆம் ஆண்டில் அளித்தார். அத்தொகுப்புத் தமிழாக்கப்பட்டுப் பன்னிரு முதலியார்களின் பார்வைக்கு விடப்பட்டு அவர்தம் உடன்பாட்டைப் பெற்றது. 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணம் அத்தேசவழமையை ஆங்கிலேயர் ஆட்சியிலுஞ் செல்லுபடியாகுஞ் சட்டமாக்கியது. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்னுஞ் சொற்கள் இல்லத்துத் திண்ணையிலும் நீதிமன்றத்திலும் ஒருங்கே வழங்கலாயின.

அப்புக்காத்தும் பிரக்கிராசியும் நொத்தாரிசும் குடாநாட்டு வாழ்வில் ஆசிரியரோடும் வைத்தியரோடும் ஒப்ப மதிக்கப்பட்டவர்கள். பெட்டகத்தின் அடியிற் காணி உறுதி பேணப்படாத வீடு அரிதாயிருந்தது. வேலிக் கதிகால் ஒரு சாண் நகர்ந்ததென்று தொடங்கிய பிணக்கு இரு தலைமுறை நடந்து, வழக்காளி எதிராளி இருவர் முதுசத்தையும் விழுங்கிய கதைகள் ஊர்தோறும் உண்டு. இத்தகைய நாட்டிலே, சென்ற காலமொன்றைக் களமாகக் கொண்டு, மறைந்து கிடக்கும் ஒரு செயலை வழக்கறிஞரின் வினாவினாலும் மன்றத்தின் விசாரணையாலும் வெளிக்கொணரும் நாவல்கள் பல தோன்றியிருத்தல் வேண்டுமென்று எதிர்பார்த்தல் இயல்பு. ஆயின் அத்தகைய நாவலைத் தேடி நூல்நிலையம் புகும் மாணவன், ஆங்கிலப் பகுதியிலிருந்து நிறைந்த கையோடும் தமிழ்ப் பகுதியிலிருந்து ஏறத்தாழ வெறுங்கையோடுந் திரும்புகின்றான். இந்நிலைக்குக் காரணம் யாது? தமிழ் மனத்துக்கு இவ்வகைக் கதை அயலானதா? அன்றி, நம்மிடம் இருந்த ஒன்று இடைவழியிலே நழுவிப்போயிற்றா? இவை ஆராயத்தக்கன.

இவ்வகை நாவல் மூன்று இழைகளால் நெய்யப்படுவது. முதலாவது வரலாறு: கதை நிகழுங் காலத்துச் சட்டமும் வாழ்வும் பிழையின்றி அமைதல் வேண்டும். இரண்டாவது மர்மம்: கதைமாந்தரும் வாசகரும் அறியாத உண்மையொன்று கதையின் நடுவே இருத்தல் வேண்டும். மூன்றாவது மன்றம்: அவ்வுண்மை சான்றுகளை நிறுத்துப் பார்க்கும் முறையால் வெளிப்படல் வேண்டும். இங்கிலாந்திலே 2003ஆம் ஆண்டு தொடக்கம் சி. ஜே. சான்சம் எழுதிய ஏழு நாவல்கள் இம்மூன்றும் இயைந்தவை. எட்டாம் ஹென்றி மன்னன் காலத்திற் கூன்முதுகோடு வாழும் மத்தியூ ஷார்ட்லேக் என்னும் வழக்கறிஞனே அவற்றின் தலைமகன். ஆசிரியர் வரலாற்றிற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். வழக்கறிஞராகவுந் தொழில் புரிந்தவர். மூன்றிழைகளும் ஒருவர் கையிலே சேர்ந்தமை அந்நாவல்களின் வலிமைக்குக் காரணமாயிற்று.

தமிழ்ப் பேரிலக்கியத்தில் மன்றத்துக்குப் பஞ்சமில்லை. சிலப்பதிகாரத்து வழக்குரை காதையை அறியாத மாணவர் இலர். பாண்டிமாதேவியின் சிலம்பின் பரல் முத்து. கண்ணகியின் சிலம்பின் பரல் மாணிக்கம். வாய்ச்சொல்லால் அன்றிப் பொருட்சான்றினால் உண்மை நிறுவப்படும் அக்காட்சி இன்றைய மன்றத்திலும் ஏற்கத்தக்கது. ஆயினும் அதனை மர்மக் கதை எனல் பொருந்தாது. சிலம்பைக் கவர்ந்தவன் பொற்கொல்லன் என்பதைக் கற்போர் முன்னரே அறிவர். மன்னன் ஒருவனே அறியாதவன். விசாரணை தண்டனைக்கு முன் நிகழாமற் பின் நிகழ்ந்தமையே அங்குள்ள அவலம். மர்மத்தினால் வரும் ஆர்வத்தை இளங்கோவடிகள் வேண்டிலர். முறை பிழைத்தமையின் விளைவையே காட்ட விழைந்தார்.

திருவிளையாடற் புராணத்துப் பழியஞ்சின படலம் மர்மக் கதைக்கு இன்னும் அணித்தானது. நீர் கொணரச் சென்ற அந்தணன் மீண்டு வந்தபோது, ஆலமர நிழலில் விட்டுச்சென்ற மனைவி அம்பு பாய்ந்து இறந்து கிடக்கின்றாள். அம்மரத்தின் மறுபுறத்தில் வில்லும் அம்புமாக ஒரு வேடன் நிற்கின்றான். சூழ்நிலைச் சான்று முழுவதும் அவனுக்கு எதிரானது. அவனோ தான் எய்யவில்லை என்கின்றான். குலோத்துங்க பாண்டியன் கையிற் கிடைத்த சான்றைக் கொண்டு தீர்ப்பளித்திருக்கலாம், எவரும் குறைகூறார். வேடனின் முகக்குறி கொலைஞனுக்கு உரியதாகத் தோன்றாமையால் அவன் ஐயுறுகின்றான், ஐயுற்றதனாற் காத்திருக்கின்றான். முன்னொருகால் எவரோ எய்து மரத்திற் சிக்கியிருந்த அம்பு காற்றினாற் கழன்று வீழ்ந்தது என்னும் உண்மை, மணவீடொன்றில் இயமதூதர் பேசிக்கொள்வதால் வெளிப்படுகின்றது. வெளிப்படுமாறு தெய்வச் செயல். ஆயின் அதற்கு இடந்தந்தது மன்னனின் ஐயம். பழிக்கு அஞ்சியவன் என்று புலவர் போற்றுவது, தீர்ப்பை விரைந்து சொல்லாத அப்பண்பையே.

மூன்றிழைகளும் முழுமையாகச் சேருமிடம் சேக்கிழாரின் தடுத்தாட்கொண்ட புராணம். திருமணப் பந்தரிலே முதிய மறையவர் ஒருவர் தோன்றி, மணமகனாகிய நாவலூரர் தமக்கு வழியடிமை என்கின்றார். பாட்டனார் எழுதிக்கொடுத்த ஓலை உண்டென்கின்றார். நாவலூரர் அதனைப் பறித்துக் கிழித்துவிடுகின்றார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கின்றது. அந்தணர் பிறருக்கு அடிமையாதல் இவ்வுலகில் இல்லையே என்று அவையோர் முதலில் வழமையை முன்வைக்கின்றனர். பின்னர், ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றனுள் ஒன்றைக் காட்டுமாறு முதியவரைப் பணிக்கின்றனர். கிழிக்கப்பட்டது படியோலை, மூலவோலை தம்மிடம் உண்டென்கின்றார் அவர். அதனையும் வலிந்து பறியாதவாறு அவை காக்கவேண்டும் என்று உறுதி பெற்ற பின்னரே வெளியில் எடுக்கின்றார். ஓலை வாசிக்கப்படுகின்றது. எழுத்துப் பாட்டனாருடையதுதானா என்பதை அறிய, அவர் எழுதிய வேறோர் ஓலை காப்பிலிருந்து வருவிக்கப்பட்டு இரண்டும் ஒப்புநோக்கப்படுகின்றன. எழுத்து ஒத்திருக்கின்றது. நாவலூரர் தோற்றார் என்று அவை தீர்ப்புக் கூறுகின்றது.

மூலமும் படியும் வேறுபடுத்தப்படல், சான்றுக்குப் பாதுகாப்பளித்தல், ஐயத்துக்கிடமில்லாத பிற ஆவணத்தோடு கையெழுத்தை ஒப்பிடல் ஆகிய இவையெல்லாம் பன்னிரண்டாம் நூற்றாண்டுக் காவியமொன்றில் இத்துணை ஒழுங்காக அமைந்திருத்தல் வியத்தற்குரியது. சோழப் பேரரசின் நிருவாகத்தில் உயர்பதவி வகித்தவராகப் போற்றப்படுஞ் சேக்கிழார், அவையின் நடைமுறையை நேரிற் கண்டறிந்தவர் போலப் பாடியுள்ளார். அதனினும் நுட்பமானது முடிவு. வென்றவரை நோக்கி, உமது இல்லம் எங்கே என அவையோர் வினவ, அவர் திருவருட்டுறைத் திருக்கோயிலுட் புகுந்து மறைகின்றார். ஓலை மெய்யானது, தீர்ப்புஞ் சரியானது. எனினும் வழக்காளி யார் என்னும் தலையாய மர்மம் தீர்ப்புக்குப் பின்னரே அவிழ்கின்றது. மன்றம் காணத்தக்கதையே மன்றம் கண்டது.

ஆட்சி, ஆவணம், காட்சி என்னும் இம்மூன்றையும் வழக்குமன்ற வரலாற்று நாவலை மதிப்பிடும் அளவுகோல்களாகவும் கொள்ளலாம். ஆட்சி என்பது அக்காலத்து வழமையும் சட்டமும் பற்றிய அறிவு. ஆவணம் என்பது கதையிற் பயிலும் உறுதி, கடிதம், பதிவேடு முதலியவை அக்காலத்துக்கு உரியனவாய் அமைதல். காட்சி என்பது சாட்சிகள் உயிருள்ள மாந்தராய், மறக்கக்கூடியவராய், அஞ்சக்கூடியவராய், பொய்யுரைக்கக்கூடியவராய் இயங்குதல். இவற்றுள் ஒன்று குறையினும் கதை நொண்டும்.

தமிழ் நாவலின் தொடக்கத்தில் வழக்கறிஞரும் நீதிபதிகளும் நின்றமை ஈண்டு நினைக்கத்தக்கது. 1879இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தின் ஆசிரியர் வேதநாயகம்பிள்ளை மாயூரத்தில் முன்சீப்பாயிருந்தவர். தமிழர் வழக்கைத் தமிழரே ஆங்கிலத்தில் வாதிடும் வழக்கத்தை அந்நாவலிலேயே அவர் கண்டித்துள்ளார். ஈழத்தின் முதல் தமிழ் நாவலாகக் கருதப்படும் ‘அசன்பேயுடைய கதை’யை 1885இல் எழுதிய சித்திலெவ்வை கண்டியில் வழக்கறிஞராய் விளங்கியவர். பிறப்பின் மர்மமொன்றை அந்நாவல் கொண்டுள்ளது. களமோ எகிப்தும் இந்தியாவும். ஈழத்தவரான சேர் முத்துக்குமாரசுவாமி இங்கிலாந்திற் பாரிஸ்டரானவர். பொய்யுரையாத அரிச்சந்திரனின் நாடகத்தை 1863இல் ஆங்கிலத்திற் பெயர்த்தார். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை சட்டம் பயின்று புதுக்கோட்டையில் நீதிபதியாயிருந்தவர். 1887இற் கலித்தொகையை முதன்முதலாக அச்சேற்றிய அவர், சிதைந்த ஏடுகளை ஒன்றோடொன்று ஒப்புநோக்கி மூலபாடத்தைத் துணிந்த முறை, திருவெண்ணெய்நல்லூர் அவை ஓலைகளை ஒப்பிட்ட முறைக்கு அயலானதன்று. இவர்கள் மன்றத்தை நாடோறுங் கண்டவர்கள். எனினும் தாம் கண்ட மன்றத்தைத் தமிழ்க் கதையின் நடுக்களமாக்க முயன்றாரல்லர்.

அவர்களுக்குப் பின்னர் இழைகள் தனித்தனியே பிரிந்து சென்றன. மர்மம் ஒருபுறஞ் சென்றது. நடேச சாஸ்திரியார் 1894இல் தானவன் என்னும் போலீஸ் நிபுணனைத் தமிழுக்கு அறிமுகஞ் செய்தார். 1908இல் வெளிவந்த ‘ராஜாம்பா’ளும் துப்பறியும் கோவிந்தனும் ஜே. ஆர். ரங்கராஜுவுக்குப் பெரும் வாசகர் கூட்டத்தைத் தேடித் தந்தன. இக்கதைகள் எழுதப்பட்ட காலத்தையே களமாகக் கொண்டவை. சென்றகால உணர்வு அவற்றுக்கு வேண்டப்படவில்லை. துப்பறிவோன் உண்மையைக் கண்டுவிட்டால், மன்றம் அதனை உறுதிசெய்யும் முத்திரையாக மட்டும் நிற்கும்.

வரலாறு மற்றொருபுறஞ் சென்றது. திருகோணமலையைச் சேர்ந்த தி. சரவணமுத்துப்பிள்ளையின் ‘மோகனாங்கி’ 1895இல் வெளிவந்து, தமிழின் முதல் வரலாற்று நாவல் என்னும் பெயரைப் பெற்றது. அதன் களம் நாயக்கர் அரசு. பின்னர் வந்த கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’, 1950 முதல் 1954 வரை தொடர்கதையாக வெளிவந்து தமிழுலகம் எங்கும் பரந்தது. அதன் உள்ளே ஒரு கொலை மர்மம் உண்டு. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்பதை ஆசிரியர் ஐயமறக் கூறாமலே விட்டுள்ளார். பழி வந்தியத்தேவன்மேல் விழுகின்றது. இக்கொலைக்கு உண்மையான நீதி ஆவணமொன்று கல்லில் உள்ளது. முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த உடையார்குடிக் கல்வெட்டு, சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோரைத் துரோகிகள் எனக் கூறி, அவர்க்கும் அவர் உறவினர்க்கும் உரிய உடைமைகள் பறிக்கப்பட்டமையை அறிவிக்கின்றது. குற்றம் பற்றிய செய்தி நிலத்தின் உரிமை மாற்றம் பற்றிய ஆவணத்தின் வழியாகவே எட்டுகின்றது. அவர்களை விசாரித்தது யார்? எச்சான்று காட்டப்பட்டது? உறவினர் செய்த பிழை யாது? கல்வெட்டு வாய்திறவாத அவ்விடத்திலே வழக்குமன்ற நாவலொன்று கருக்கொண்டிருக்கலாம். கல்கி அரண்மனையின் பக்கம் திரும்பினார். பின்வந்தோரும் பெரும்பாலும் அவ்வழியே சென்றனர். ஈழத்திலும் செங்கை ஆழியானின் ‘நந்திக்கடல்’ போன்ற வரலாற்று நாவல்கள் தோன்றின. அப்புக்காத்துக்கு அவற்றில் இடம் வாய்க்கவில்லை.

மன்றமோ மேடைக்கும் திரைக்குஞ் சென்றது. 1952இல் வெளிவந்த ‘பராசக்தி’யின் நீதிமன்றக் காட்சியைத் தமிழர் மனப்பாடஞ் செய்தனர். அதன் சொல்வன்மை மறுத்தற்கரியது. ஆயின் அதன் பின்னர் நீதிமன்றம் என்றாற் குற்றவாளிக் கூண்டில் நின்று நீண்ட உரை நிகழ்த்தும் இடம் என்னும் எண்ணம் தமிழ்க் கற்பனையில் ஊன்றிவிட்டது. உண்மையான மன்றத்தை நகர்த்துவது குறுக்கு விசாரணை. சிறு வினா, சிறு விடை, ஒரு தயக்கம், முன்னர்ச் சொன்னதோடு பொருந்தாத ஒரு நாள் அல்லது நாழிகை என்பவற்றிலிருந்தே வழக்குத் திரும்புகின்றது. சொற்பொழிவுக்குப் பழகிய செவி இவற்றின் ஓசையைக் கேட்பதில்லை.

இழைகள் பிரிந்தமைக்கு இன்னொரு காரணம் மொழி. ஆங்கிலேயர் காலத்து யாழ்ப்பாண நீதிமன்றத்திற் சாட்சி தமிழிற் பேசினான். நீதிபதி ஆங்கிலத்தில் எழுதினார். இருவருக்குமிடையே மொழிபெயர்ப்பாளர் நின்றார். சான்றேட்டிற் பதிந்தது சாட்சியின் சொல் அன்று, அதன் நிழல். தமிழில் வழக்குமன்ற நாவல் எழுதப் புகுவோன் ஆங்கிலப் பதிவிலிருந்து தமிழ்ச் சொல்லை மீட்டெடுத்தல் வேண்டும். ஓர் ஊரவன் ‘காணவில்லை’ என்றானா, ‘கண்டதாக நினைவில்லை’ என்றானா என்பதில் ஓருயிர் தங்கியிருக்கலாம். பதிவேடோ இரண்டையும் ஒன்றாக்கியிருக்கும்.

இவ்விடைவெளியை ஆங்கிலத்திலே தெளிவாகக் காட்டியவர், யாழ்ப்பாணத்தை அறிந்த லெனாட் வுல்ஃப். 1905 தொடக்கத்தில் யாழ்ப்பாணக் கச்சேரிக்குப் பயிற்சி உத்தியோகத்தராக வந்து, பின்னர் அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த அவர், காட்டுக்குள் அமைந்த சிங்களக் கிராமம் பற்றி எழுதிய நாவல் 1913இல் வெளிவந்தது. அதில் ஊர்த் தலைவனும் கடன் கொடுப்பவனுஞ் சேர்ந்து கட்டிய பொய் வழக்கு விசாரிக்கப்படுகின்றது. சட்டத்தின் படிகள் யாவும் முறையாக ஏறப்படுகின்றன, களவு போன பொருள் காட்டப்படுகின்றது, சாட்சிகள் சொல்கின்றனர், குற்றமற்றவன் சிறை செல்கின்றான். நடப்பது யாதென்று அவனுக்கு விளங்கவேயில்லை. ஆட்சியும் ஆவணமும் குறைவின்றியிருந்துங் காட்சி பொய்யானால் நீதிமன்றம் கொடியோர் கைக்கருவியாகும் என்பதை, தாமே நீதிபதி ஆசனத்தில் இருந்தவர் எழுதினார் என்பதே அந்நூலின் மதிப்பு.

ஈழத்தின் சென்ற காலத்தைக் களமாகக் கொண்டு, வழக்கறிஞனைத் தலைவனாக்கி, கொலை மர்மத்தை நடுவில் நிறுத்திய சிறந்த நாவல் 2003இல் வந்தது, அதுவும் ஆங்கிலத்தில். ‘ஹமில்ற்றன் வழக்கு’ என்னும் பொருள்படும் பெயரோடு அதனை எழுதியவர் மிஷேல் டி கிரெற்சர். கொழும்பிற் பிறந்து, 1972இற் குடும்பத்தோடு அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தவர். தந்தையார் இலங்கை உயர்நீதிமன்ற நீதியரசராயிருந்தவர். கதையின் தலைவன் சாம் ஒபேசேகர ஒக்ஸ்ஃபோர்ட்டிற் படித்த சிங்கள வழக்கறிஞன். ஆங்கிலேயரினும் ஆங்கிலேயனாக வாழ விழைபவன். ஹமில்ற்றன் என்னும் தேயிலைத் தோட்டத்துரை கொலையுண்டபோது தமிழ்த் தொழிலாளர்மேற் பழி விழுகின்றது. சாம் துப்பறிவோன் போல ஆராய்ந்து, பழியை ஆங்கிலேயன் ஒருவன்பாற் திருப்புகின்றான். அந்த அறிவுத்திறனே அவன் எதிர்பார்த்த பதவிக்குத் தடையாகின்றது. நூலின் இறுதியிற் சிவநாதன் என்னும் தமிழர் எழுதும் கடிதம், அதுவரை துணிந்த உண்மை என்று கொள்ளப்பட்டதை மீண்டும் ஐயத்துக்குள்ளாக்குகின்றது.

முன்சொன்ன அளவுகோல்களால் நோக்கின், இந்நாவலின் ஆட்சி திண்ணியது: குடியேற்றக் காலத்து மேற்குடி வாழ்வும் வழக்கறிஞர் உலகமும் நுணுக்கமாக அமைந்துள்ளன. ஆவணத்தை அது கையாளும் முறை இன்னும் நுட்பமானது. தலைவன் எழுதும் தன்வரலாறு ஓர் ஆவணம். இறுதிக் கடிதம் மற்றோர் ஆவணம். ஒன்று மற்றொன்றை மறுக்க, தீர்ப்பைக் கற்பவரே கூறவேண்டியதாகின்றது. காட்சியில் மட்டும் ஒரு வெற்றிடம் உண்டு. கழுமரத்தின் நிழலில் நின்ற அத்தோட்டத் தொழிலாளர் தம் கதையைத் தாமே கூறுவதில்லை. கற்றவர் இருவரின் போட்டிக்கு அவர் காரணப்பொருளாகின்றனர். இது நூலாசிரியர் அறியாது விட்ட குறை எனல் இயலாது. அக்காலத்து மன்றத்தில் அவர்க்கிருந்த இடம் அத்துணையே. ஆயினும் அவ்வெற்றிடத்தை நிரப்பும் நாவல் தமிழிலன்றி வேறெம்மொழியில் எழுதப்படல் கூடும்?

இந்தியாவின் அண்மைக்கால எடுத்துக்காட்டும் ஒன்று உண்டு. சுஜாதா மாஸி 2018இல் வெளியிட்ட மலபார் மலைக் கைம்பெண்கள் பற்றிய ஆங்கில நாவல் 1921இன் பம்பாயில் நிகழ்வது. பேர்வீன் மிஸ்திரி என்னும் பார்சிப் பெண் வழக்கறிஞர் அதன் தலைவி. ஒக்ஸ்ஃபோர்ட்டிற் சட்டம் பயின்ற முதற் பெண்ணாகிய கொர்னீலியா சொராப்ஜியின் வாழ்வு அப்பாத்திரத்துக்குத் தூண்டுகோல். திரைமறைவில் வாழும் மூன்று கைம்பெண்களின் சொத்துப் பற்றிய கையொப்பங்களில் எழும் ஐயமே கதையின் வித்து. இந்தியாவிற் பெண்கள் வழக்கறிஞராகத் தொழில் புரிவதற்கிருந்த தடையை நீக்கிய சட்டம் 1923இலேயே வந்தது. ஆகவே 1921இன் பேர்வீன் மன்றத்தில் எழுந்து வாதிட இயலாதவள். ஆண் வழக்கறிஞர் நுழைய முடியாத அந்தப்புரத்துக்குள் அவள் நுழைகின்றாள். அங்கேயே வழக்கின் உண்மை உள்ளது. சட்டத்தின் தடையையே கதையின் திறவுகோலாக்கியமை, ஆட்சி என்னும் அளவுகோல் பற்றிய ஆசிரியரின் தெளிவைக் காட்டும்.

யாழ்ப்பாணத்துக்கு உரிய கதைப்பொருள் இவற்றினுங் குறைந்ததன்று. 1619இல் தோல்வியுற்ற சங்கிலி மன்னன் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, விசாரிக்கப்பட்டு, 1623இல் மரணதண்டனைக்குள்ளானான். அது பற்றி விரிவாக எழுதியவர்கள் போர்த்துக்கேயர். மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலை சங்கிலி என்னும் பெயருடைய அரசர் இருவர் செய்திகளையும் ஒருவர்மேல் ஏற்றிக் கூறுகின்றது. வென்றோர் எழுதியதும் தோற்றோர் நினைவும் முரணும் இவ்வழக்கில் இரு சாட்சிகளையும் நாவலாசிரியனே குறுக்கு விசாரணை செய்தல் வேண்டும். தேசவழமையில் அடிமைகள் பற்றி ஒரு பகுதி உண்டு. அடிமைமுறை இலங்கையில் 1844இலேயே சட்டத்தால் முற்றாக ஒழிக்கப்பட்டது. அவ்விடைக்காலத்தில், தான் அடிமையல்லன் என்று நிறுவ மன்றம் ஏறும் ஒருவனின் கதையை எண்ணுக. பாட்டனார் எழுதியதாகக் காட்டப்படும் ஓலை, அதனை மறுக்க வேண்டிய பேரன், வழமை அறிந்த முதலியார்கள் என, தடுத்தாட்கொண்ட புராணத்தின் அமைப்பு முழுவதும் அங்கே திரும்பி வருகின்றது. இம்முறை வழக்காளி இறைவன் அல்லன் என்பதே வேற்றுமை, அவ்வேற்றுமை பெரிது.

சீதன உறுதி, ஈட்டுக் காணி, தோம்பிற் பதிந்த பெயர், பிறநாடு சென்று மீளாத பங்காளி என்பனவும் அவ்வாறே. ஒல்லாந்தர் காலத்துப் பதிவேடுகள் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் காப்பகத்தில் இன்றும் பேணப்படுகின்றன. ஆயின் குடாநாட்டின் சொந்த ஆவணங்களுக்கு நேர்ந்தது யாவரும் அறிந்ததே. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் கிடைத்தற்கரிய ஏடுகளும் சாம்பராயின. பின் வந்த போரில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல, பெட்டகத்தையும் அதன் அடியிலிருந்த உறுதியையும் இழந்தன. மீண்டு வந்தோர் எல்லைக் கதிகாலும் இல்லாத நிலத்தின்முன் நின்றனர். ஆவணம் அழிந்தது, இடப்பெயர்வால் ஆட்சியும் அறுபட்டது, அயலார் காட்சி ஒன்றே எஞ்சியது. அவ்வயலாரும் முதியவர், சிதறியவர். சேக்கிழார் வகுத்துக் கூறிய மூன்றனுள் இரண்டை இழந்த மக்கள் மூன்றாவதை எவ்வாறு நிறுத்துப் பார்ப்பர் என்னும் வினா, பொழுதுபோக்குக் கதையின் வினாவாக இனியும் நிற்பதற்கில்லை.

வழக்குமன்ற நாவலின் பயன் இங்கேயே விளங்கும். சான்றை நிறுத்தல், மறுதரப்பைக் கேட்டல், தன் துணிபையே ஐயுறல் ஆகிய பயிற்சிகளை அது கற்பவருக்கு இன்பத்தோடு தருகின்றது. நினைவு ஒன்றையே சான்றாகக் கொண்ட சமுதாயத்துக்கு இப்பயிற்சி மிக வேண்டற்பாலது. தன் தரப்புச் சாட்சியையுங் குறுக்கு விசாரணை செய்யாத நினைவு பிறர்முன் எடுபடுவதில்லை. இத்தகைய நாவலை எழுதப் புகுவோர் வழக்கறிஞனை வெற்றிவீரனாக்கும் விருப்பத்தை அடக்குதல் நன்று. வரலாற்றைப் புகழ்ச்சியாக்கும் விருப்பத்தையும் அடக்குதல் வேண்டும். பழைய உறுதிகளின் தமிழை, நொத்தாரிசின் நடையை, சாட்சிக்கூட்டில் நின்ற ஊரவனின் பேச்சை அவர் செவிகொடுத்துக் கேட்டல் வேண்டும். வரலாறும் சட்டமும் தமிழுங் கற்கும் மாணவர் ஒரே வகுப்பில் அமரும் கல்லூரிகள் குடாநாட்டில் உள்ளன. சான்சமின் கையிலே சேர்ந்த இழைகள் இங்குஞ் சேரக்கூடாமைக்குக் காரணம் காணப்படவில்லை.

வேடனைத் தண்டிக்கப் போதிய சான்று இருந்தும் பாண்டியன் காத்திருந்தான். ஓலையை ஒப்பிட்டுத் தீர்ப்புரைத்த பின்னரும் திருவெண்ணெய்நல்லூர் அவையோர் வழக்காளியின் இல்லம் எங்கேயென வினவினர். அவ்வினாவின் பின்னரே நாவலூரர் அம்முதியவரைப் பின்தொடர்ந்து திருக்கோயிலுட் புகுந்தார்; தாம் தோற்ற வழக்கின் உண்மையை அங்கேயே கண்டார்.